மலை ரயில் ரத்து என்றால் பாதை காலி என்று அர்த்தமில்லை

வடகிழக்குப் பருவமழை வலுத்ததும் "மேட்டுப்பாளையம் – குன்னூர் மலை ரயில் ரத்து" என்று செய்தி வரும். அதைப் பார்த்ததும் இரண்டு கூட்டம் கிளம்பும். ஒன்று எங்கள் ஆட்கள்: கடப்பாரை, மண்வெட்டி, ஜாக்கியோடு போகும் கேங்மேன்கள். இன்னொன்று, "இன்றைக்குத்தான் ரயில் இல்லையே, தண்டவாளத்தில் நடந்து நாலு ரீல்ஸ் எடுக்கலாம்" என்று வருகிறவர்கள். தண்டவாளப் பராமரிப்பில் இருப்பவன் என்ற முறையில் இந்த இரண்டாவது கூட்டத்திடம்தான் பேச வேண்டும்.

ரத்தாவது பயணிகள் ரயில் மட்டும். எங்கள் வேலை ரயில் அன்றைக்குத்தான் ஓடும்.

கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவில் பெரும்பாலான இடங்களில் லாரி தண்டவாளம் வரை வர முடியாது. ஜல்லி, ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை), தண்டவாளம், பல்சட்டம் (எஞ்சின் கவ்வி ஏறுவதற்கான பற்கள் கொண்ட இரும்புச் சட்டம்) எல்லாம் ரயிலில்தான் போயாக வேண்டும். சரிந்து விழுந்த பாறையை உடைத்தாலும் அள்ளிப்போக அதே வண்டிதான். 2009 நவம்பரில் மலை சரிந்தபோது, இந்தப் பாதை மாதக்கணக்கில் பயணிகளுக்கு மூடியிருந்தது. ஆனால் பாதையில் வேலை நிற்கவில்லை.

இந்த வேலை ரயில் எந்தக் கால அட்டவணையிலும் இருக்காது, உங்கள் கைபேசிச் செயலியிலும் தெரியாது. இரண்டு ஸ்டேஷனுக்கு இடைப்பட்ட பாதையை எங்களிடம் ஒப்படைத்துவிடுவார்கள்; அதற்கு 'பிளாக்' என்று பெயர். பிளாக் முடியும்வரை வண்டி முன்னால் போகும், நிற்கும், பின்னால் வரும், மறுபடி போகும். பயணிகள் ரயில் ஒரு இடத்தைத் தாண்டினால் தாண்டியதுதான். இது அப்படியில்லை. "இப்பத்தான் ஒண்ணு போச்சு, இனிமே வராது" என்ற கணக்கு இங்கே செல்லாது.

அப்புறம், எஞ்சின் எங்கே இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பல்சட்டப் பகுதியில் எஞ்சின் எப்போதும் இறக்கப் பக்கத்தில்தான் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். அதாவது வளைவைத் திரும்பி உங்கள் கண்ணுக்கு முதலில் தெரிவது ஜல்லி ஏற்றிய வண்டி. டிரைவர் பின்னால் இருக்கிறார், அவருக்கு உங்களைத் தெரியாது. முன் வண்டியில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் அவருக்குக் கண். மொத்தப் பாதையில் 208 வளைவுகள், 16 சுரங்கங்கள். எஞ்சின் சத்தம் பள்ளத்தாக்கில் மோதி எதிரொலிக்கும்போது மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்று பழகிய எங்களுக்கே சட்டென்று பிடிபடாது. காதில் இயர்போன் வேறு என்றால் கேட்கவே வேண்டாம்.

"மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் வருவதுதானே, ஒதுங்கிவிடலாம்" என்பார்கள். எங்கே ஒதுங்குவது? ஒரு பக்கம் வெட்டிய பாறைச் சுவர், மறுபக்கம் கிடுகிடு பள்ளம். பாலங்களில் ஸ்லீப்பருக்கு ஸ்லீப்பர் நடுவே கீழே ஓடும் தண்ணீர் தெரியும்; பல பாலங்களில் ஒதுங்க இடமே கிடையாது. பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏறும் சரிவில் சுமையோடு இறங்கும் வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது.

நடப்பதைவிட எனக்கு அதிகம் பயம் தருவது கல். தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பல்சட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் வரும்படி மாற்றி அமைத்திருப்பார்கள். எஞ்சினின் பற்சக்கரம் ஏதாவது ஒரு பல்லையாவது எப்போதும் கவ்விப் பிடித்திருக்க வேண்டும் என்பதற்காக. தண்டவாளத்தை நடந்தே சோதிக்கும் கீமேன் காலையில் போகும்போது கழன்ற போல்ட்டை முடுக்குவதோடு, இந்தப் பள்ளங்களையும் குனிந்து குனிந்து பார்ப்பார். கிரீஸில் ஒட்டிக்கொண்ட ஜல்லித் துண்டு கிடந்தால் சுத்தியல் முனையால் நெம்பி எடுப்பார். அவர் தாண்டிப் போன பிறகு யாரோ விளையாட்டாக ஒரு கல்லை அங்கே செருகினால்? பற்சக்கரம் அதன்மேல் ஏறும், பிடி விலகும். ஏறுவதற்கு மட்டுமில்லை, இறங்கும்போது பிரேக் பிடிப்பதற்கும் அதே பற்கள்தான் வேண்டும். ஏறும்போது நழுவினாலாவது ஓரளவு சமாளிக்கலாம். இறங்கும்போது நழுவினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது.

சட்டமும் இருக்கிறது. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147: அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்க்கு இந்தக் காலத்தில் யார் பயப்படுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

யுனெஸ்கோ 2005-ல் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பாதையைப் படம் எடுக்க ஆசைப்படுவதில் தப்பில்லை. ரயில் ஓடும் நாளில் ஸ்டேஷன் நடைமேடையில் நின்று எடுங்கள், சாலை ஓரத்திலிருந்து எடுங்கள். அப்படி நிற்கும்போது பாதையில் மரம் விழுந்திருப்பதையோ மண் சரிந்திருப்பதையோ பார்த்தால், அகற்றுகிறேன் என்று இறங்காதீர்கள். பக்கத்து ஸ்டேஷனில் சொல்லுங்கள், இல்லையென்றால் ரயில்வே உதவி எண் 139-க்கு அழையுங்கள். இருக்கும் இடத்திலிருந்தே கிலோமீட்டர் கல் தெரிந்தால் அதன் எண்ணையும் சொல்லுங்கள். "ஒரு பாலத்துக்குப் பக்கத்தில்" என்று மட்டும் சொன்னால் நாங்கள் தேட வேண்டிய பாலங்கள் 250.