மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, ஐம்பதுக்கு ஐம்பது பிரதிநிதிகள்

2016 பிப்ரவரி 20. அமெரிக்காவின் தென் கரோலினாவில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி, அதாவது உட்கட்சித் தேர்தல். டொனால்ட் டிரம்ப் வாங்கியது 32.5 சதவீதம். மார்கோ ரூபியோ 22.5, டெட் குரூஸ் 22.3. மிச்சம் ஜெப் புஷ், ஜான் கேசிக், பென் கார்சன் மூவருக்கும் பிரிந்துபோனது. மூன்றில் இரண்டு பேர் டிரம்புக்கு ஓட்டுப் போடவில்லை. ஆனாலும், கட்சி மாநாட்டில் வேட்பாளரை முடிவு செய்ய அந்த மாநிலம் அனுப்பும் 50 பிரதிநிதிகளும் அவருக்கே கிடைத்தார்கள்.

காரணம் விதியில் இருந்தது. மாநில அளவில் முதலில் வருபவருக்கு 29 பிரதிநிதிகள். 7 நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் முதலில் வருபவருக்கு 3 பேர் வீதம் 21. பாதி ஓட்டைத் தாண்ட வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. எதிர்த்து நிற்பவர்களுக்கு இடையில் ஓட்டு எவ்வளவு பிரிகிறதோ, அவ்வளவுக்கு ஜெயிக்கத் தேவையான ஓட்டும் குறைந்துவிடுகிறது.

சரி, மற்றவர்கள் ஒருவருக்காக ஒருவர் விலகியிருக்கலாமே? அங்கேதான் சிக்கல். “டிரம்பை நேருக்கு நேர் சந்தித்தால் நான் ஜெயிப்பேன்” என்று ஒவ்வொருவரும் நம்பினால், முதல் வேலை டிரம்பைத் தாக்குவதல்ல, பக்கத்தில் நிற்பவரை வெளியேற்றுவது. தென் கரோலினாவுக்கு முன்பே பிரைமரி நடந்த நியூ ஹாம்ப்ஷயரில், ஓட்டுப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு நடந்த விவாதத்தில், மனப்பாடம் செய்ததையே ஒப்பிக்கிறார் என்று ரூபியோவைச் சாடினார் இன்னொரு வேட்பாளரான கிறிஸ் கிறிஸ்டி. ரூபியோ அதே வாசகத்தைத் திரும்பவும் சொன்னார். அதற்கு முந்தைய மாநிலமான அயோவாவில் மூன்றாவதாக வந்த ரூபியோ இங்கே ஐந்தாவது இடத்துக்குச் சரிந்தார். கிறிஸ்டி ஆறாவதாக வந்து மறுநாளே விலகினார். முதலிடம் டிரம்புக்கு.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. தோற்றவர்களின் ஓட்டையெல்லாம் கூட்டி ஒருவர் கணக்கில் எழுதுவது தப்பு. குரூஸ் விலகியிருந்தால் அவருடைய ஆதரவாளர்கள் எல்லோரும் ரூபியோ பக்கம் போயிருக்க மாட்டார்கள். ஒரு பகுதி டிரம்பிடமே போயிருக்கும். ஓட்டு பிரிவது முன்னால் நிற்பவருக்குக் கைகொடுக்கும் என்பது உறுதி. அது மட்டுமே முடிவை மாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன்.

2020இல் ஜனநாயகக் கட்சியில் நடந்தது வேறு. நியூ ஹாம்ப்ஷயரிலும் நெவாடாவிலும் பெர்னி சாண்டர்ஸ் முந்தியிருந்தார். பிப்ரவரி 29 அன்று தென் கரோலினாவில் ஜோ பைடன் பெரிதாக ஜெயித்ததும், அடுத்த இரண்டே நாளில் பீட் புட்டிஜெஜ், ஏமி குளோபஷார் இருவரும் விலகி அவரை ஆதரித்தார்கள். மார்ச் 3 அன்று ஓட்டுப் போட்ட 14 மாநிலங்களில் பைடன் 10ஐப் பிடித்தார்.

தலைவர்கள் தாங்களாகவே விலகுவார்கள் என்று காத்திருக்காமல், விதியிலேயே வழி வைத்திருக்கும் மாநிலங்களும் உண்டு. டெக்சாஸில் செனட் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை) போன்ற பதவிகளுக்கான பிரைமரியில் யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவருக்கும் மறுபோட்டி. 2012இல் குடியரசுக் கட்சியின் செனட் பிரைமரியில் டேவிட் டியூஹர்ஸ்ட் சுமார் 45 சதவீதத்தோடு முன்னால் இருந்தார். இரண்டாவதாக வந்தவருக்குக் கிடைத்தது சுமார் 34. அப்புறம் நடந்த மறுபோட்டியில் அந்த இரண்டாமவர் ஏறக்குறைய 57 சதவீதம் வாங்கி ஜெயித்தார். அவர்தான் டெட் குரூஸ். தென் கரோலினாவின் அதிபர் பிரைமரி போலப் பாதியைத் தாண்டாமலே முதலில் வருபவர் ஜெயிக்கும் விதி அங்கே இருந்திருந்தால், அந்த ஆண்டு அவர் செனட்டுக்கே போயிருக்க முடியாது.