வான்கோ ஓவியத்துக்குக் கணக்கில் ஏன் விலை இல்லை?

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தின் பேலன்ஸ் ஷீட்டில் கட்டடம், முதலீடு, கடன் எல்லாவற்றுக்கும் தொகை இருக்கும். சுவரில் தொங்கும் ஓவியங்களுக்கு மட்டும் இருக்காது. யாரோ மறைக்கிறார்கள் என்று தோன்றும், ஆனால் விஷயம் வேறு. மக்கள் பார்க்கவும் படிக்கவும் பாதுகாத்து வைக்கிற பொருள், விற்றாலும் அந்தப் பணத்தில் வேறு கலைப்பொருள்தான் வாங்குவோம் என்றால், அதைச் சொத்தாகக் காட்ட வேண்டியதில்லை என்று அமெரிக்கக் கணக்கியல் விதி 1993-லேயே சொல்லிவிட்டது (அந்தப் பணத்தைக் கலைப்பொருள்களின் நேரடிப் பராமரிப்புக்கும் செலவிடலாம் என்று 2019-இல் சேர்த்தார்கள்). அதனால் ஓர் ஓவியம் வாங்கினால் பணம் போனது தெரியும், ஓவியம் வந்தது தெரியாது.

எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஓவியத்துக்கு விலை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு, 2013-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் திவாலானபோது நடந்ததைப் பாருங்கள். அங்குள்ள கலைக்கூடத்தின் ஓவியங்கள் அப்போது நகராட்சிக்குச் சொந்தம், 1922-இல் வாங்கிய வான்கோவின் சுய உருவப்படம் உட்பட. கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் வந்து, நகராட்சிப் பணத்தில் வாங்கியவற்றுக்கு மட்டும் 45.4 கோடி முதல் 86.7 கோடி டாலர் வரை விலை போட்டது. கடன் கொடுத்தவர்கள் ஓவியங்களைக் காசாக்கச் சொல்லி நெருக்கினார்கள். கடைசியில் அறக்கட்டளைகள், மாநில அரசு, மியூசியம் மூன்று தரப்பும் சேர்ந்து 81.6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு, அது நகர ஊழியர்களின் பென்ஷனுக்குப் போக, ஓவியங்கள் 2014-இல் லாபநோக்கற்ற அமைப்பின் கைக்கு வந்து தப்பின.

சரி, ஓவியத்தின் விலை தெரியாவிட்டால் போகட்டும். மியூசியத்தை நடத்துகிறவர்களின் சம்பளம் தெரிந்தே ஆக வேண்டும். அதற்குத்தான் லாபநோக்கற்ற அமைப்புகள் அமெரிக்க வருமான வரித் துறைக்கு ஆண்டுதோறும் தரும் ஃபார்ம் 990 என்ற படிவம். கடைசி மூன்று ஆண்டுப் படிவங்களை யார் கேட்டாலும் காட்டியாக வேண்டும். பெரிய பதவிகளின் சம்பளம் ஏழாம் பகுதியில், நிர்வாகக் குழுவினரோடு நடந்த கொடுக்கல் வாங்கல் ‘ஷெட்யூல் எல்’ என்ற இணைப்பில். நன்கொடையாளர் பெயர்களை மட்டும் மறைத்துக்கொள்ளலாம்.

அப்படியும் ஓட்டை இருந்தது. நியூயார்க் நவீனக் கலை மியூசியத்தின் அறங்காவலர்கள் இருவர் அமைத்த ஒரு டிரஸ்ட், 1995 முதல் 2003 வரை இயக்குநருக்குச் சம்பளத்துக்கு மேல் 53.5 லட்சம் டாலர் கொடுத்தது. மியூசியத்தின் படிவத்தில் அது வரவில்லை, 2007-இல் பத்திரிகை எழுதித்தான் ஊருக்குத் தெரிந்தது. 2008-இல் திருத்திய படிவத்தில், ஏழாம் பகுதி 5-ஆம் வரியில் ஒரு கேள்வி இருக்கிறது: இங்கே பார்த்த வேலைக்காக, இந்த அமைப்போடு தொடர்பில்லாத வெளி அமைப்போ தனிநபரோ பணம் கொடுத்ததுண்டா? ‘ஆம்’ என்று டிக் இருந்தால் அப்படியே சம்பள விவரம் தரும் ஷெட்யூல் ஜே இணைப்பைப் புரட்டுங்கள்.