துப்பாக்கி வழக்கில் மனசை நிரூபிப்பது எப்படி?

செட்டிநாட்டுப் பழைய வீடு ஒன்றில் கல்யாணம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பல வருடமாகப் பூட்டிக் கிடந்த அறைகளை வெள்ளையடிக்கத் திறக்கிறார்கள். மங்குச் சாமான்களும் பித்தளை அண்டாக்களும் அடைந்து கிடக்கும் ஓர் அறையில், மரப்பெட்டிக்குப் பின்னால், சாக்கில் சுற்றிய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று கிடைக்கிறது. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போன ஐயா காலத்துச் சாமானாக இருக்கலாம். வீட்டுக்கு இருபது புள்ளி, அதாவது பங்குள்ள இருபது குடும்பம். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், சாவி காவல்காரர் இடுப்பில். லைசென்ஸ் யார் பெயரிலும் இல்லை. இப்போது இந்தத் துப்பாக்கி யாருடையது?

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 3-ஆம் பிரிவில், லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிறது. மீறினால் 25-ஆம் பிரிவில் தண்டனை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, சாதாரணத் துப்பாக்கிக்கே குறைந்தது இரண்டு ஆண்டு, கூடியது ஐந்து ஆண்டு. ஆனால் 'வைத்திருப்பது' என்றால் என்ன? தன் வீட்டுக் கூரைக்குக் கீழே இருப்பதெல்லாம் தன் வசம் இருப்பதாகிவிடுமா?

ஆகாது. உச்ச நீதிமன்றம் 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. பொருள் தன்னிடம் இருக்கிறது என்ற அறிவு வேண்டும்; கையில் இல்லாவிட்டாலும் அதன் மேல் ஆளுமையாவது, அதாவது கட்டுப்பாடாவது, வேண்டும். 1994-ல் சஞ்சய் தத் வழக்கிலும், தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை வைத்து, அறிந்தே வைத்திருப்பதுதான் குற்றம் என்ற நிலையை அரசியல் சாசன அமர்வு எடுத்தது. அறிவு, ஆளுமை என்ற இந்த இரண்டையும் அரசுத் தரப்பு காட்ட வேண்டும்.

செட்டிநாட்டு வீடு இதற்கு நல்ல பரீட்சை. வளவு என்ற நடு முற்றம் எல்லாப் புள்ளிக்கும் பொது. அதைச் சுற்றியுள்ள அறைகளோ ஒவ்வொரு பங்காளிக்கும் தனித்தனி. தனிப் பூட்டு, தனிச் சாவி. துப்பாக்கி வளவில் ஒரு மூலையில் கிடந்தால், இருபது புள்ளியில் ஒருவரை மட்டும் பிடித்து 'உன் வசம்' என்று சொல்வது கடினம். ஒருவரின் பூட்டிய அறையில் கிடந்து, அந்த அறையைப் போன மாதம்தான் அவர் திறந்து புழங்கியிருக்கிறார், துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டிருக்கிறது, பக்கத்தில் புது தோட்டாக்கள் இருக்கின்றன என்றால் கதை வேறு. எண்ணெயும் தோட்டாவும்தான் அங்கே மனசுக்குச் சாட்சி. துருப்பிடித்து, சிலந்தி வலை மூடிக் கிடந்தால் அதுவும் ஒரு சாட்சி, எதிர்த்திசையில். நடைமுறையில் முதலில் மாட்டுகிறவர் காவல்காரராகத்தான் இருப்பார் என்பது என் சந்தேகம். சாவியை வைத்திருப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும் என எல்லோரும் எளிதாக நினைத்துவிடுவோம். சட்டம் அப்படி நினைக்கச் சொல்லவில்லை.

விமான நிலையத்தில் பையைச் சோதிக்கும்போது ஒரே ஒரு தோட்டா அகப்படுவதும் இதே கணக்குதான். எப்போதோ யாரோ போட்டது, துப்பாக்கியும் இல்லை, பயணிக்குத் தெரியவும் தெரியாது என்ற நிலையில் டெல்லி உயர் நீதிமன்றம் பல வழக்குகளை ரத்து செய்திருக்கிறது. தவிர, 3-ஆம் பிரிவு வழக்கைத் தொடரவே மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். 39-ஆம் பிரிவு அது.

சரி, அறையில் கிடைத்தது துப்பாக்கிதானா? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இந்தக் கேள்விக்கு வேலை இருக்கிறது. பழைய பாணியிலானதோ, தொல்பொருள் மதிப்புள்ளதோ, பழுதாகிக் கிடப்பதோ, செப்பனிட்டாலும்கூடச் சுட முடியாது என்றால் 45-ஆம் பிரிவு அதற்கு விலக்குத் தருகிறது. 'செப்பனிட்டாலும்' என்பதைக் கவனியுங்கள். குதிரை உடைந்திருக்கிறது, ஒரு கொல்லரிடம் கொடுத்தால் சரியாகிவிடும் என்றால் அது இன்னும் துப்பாக்கிதான். இதைத் தீர்மானிப்பது தடய அறிவியல் கூடம். குழலின் உட்புறம், விசை, குதிரை, ஊசி எல்லாம் பார்த்து, முடிந்தால் சுட்டும் பார்ப்பார்கள்.

கண்டெடுத்தவர் செய்ய வேண்டியதும் சட்டத்தில் இருக்கிறது. லைசென்ஸ்தாரர் இறந்துபோய், வைத்திருப்பது சட்டப்படி செல்லாததாகிவிட்டால், தேவையில்லாத தாமதமின்றிப் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. தெரியாத வரைக்கும் குற்றமில்லை. தெரிந்த நாளிலிருந்து கடமை உண்டு. 'கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்' என்பது ஆபத்தான முடிவு.

இது வரைக்கும் துப்பாக்கி சும்மா கிடந்தது. அது வெடித்து ஓர் உயிர் போய்விட்டால், கேட்க வேண்டிய கேள்வியே மாறுகிறது. அறிந்து வைத்திருந்தாரா என்பது பின்னுக்குப் போய், என்ன எண்ணத்தில் சுட்டார் என்பது முன்னுக்கு வரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இதற்குப் படிகள் உண்டு. கொல்ல வேண்டும் என்றே சுட்டால் கொலை. 101, 103 பிரிவுகள். கொலையாகாத மரணம் விளைவித்தல் 105-ல். அதிலும் எண்ணத்தோடு செய்ததற்கு ஒரு தண்டனை, சாகலாம் என்று தெரிந்து செய்ததற்கு அதைவிடக் குறைவான தண்டனை. கவனக்குறைவு என்றால் 106, ஐந்து ஆண்டு வரை. உரிய கவனத்தோடு செய்த சட்டப்படியான செயலில் எதிர்பாராமல் நேர்ந்த விபத்து என்றால் 18-ஆம் பிரிவின்படி குற்றமே இல்லை. அதே துப்பாக்கி, அதே தோட்டா, அதே சாவு. ஒருவருக்கு ஆயுள், இன்னொருவருக்கு விடுதலை. வித்தியாசம் முழுவதும் சுட்டவர் மண்டைக்குள் இருக்கிறது.

மண்டைக்குள் எட்டிப் பார்க்க எந்தக் கருவியும் கிடையாது. அதனால் நீதிமன்றம் வேறு வழியில் போகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் சொல்லும் கதையை எடுத்துக்கொண்டு, இரும்பும் ஈயமும் கரியும் அதை அனுமதிக்கின்றனவா என்று பார்க்கிறது.

ஒரு கற்பனை வழக்கு. கண்மாய்க்கரை, நள்ளிரவு. வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு பேரில் ஒருவர் குண்டடிபட்டுச் சாகிறார். மற்றவர் சொல்கிறார்: "கடலைக் கொல்லையில பன்னி இறங்குச்சுங்க. இருட்டுல அசைஞ்சத பாத்து சுட்டுட்டேன்." அனுமதியில்லாமல் காட்டுப்பன்றியைச் சுடுவதே வன உயிரினச் சட்டப்படி தனிக் குற்றம், அது ஒருபுறம் இருக்கட்டும். பன்றி என்று நினைத்தது நிஜமா?

முதலில் தூரம். கையில் இருந்தது பன்னிரண்டு போர் (bore, குழல் அளவு) துப்பாக்கி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக உருட்டினால் ஓர் உருண்டை எவ்வளவு தடிமனோ, குழலும் அவ்வளவு, சுமார் 18.5 மில்லிமீட்டர். உள்ளே வரிப்பள்ளம் கிடையாது, வழவழப்பு. ஒரு தோட்டாவிலிருந்து நிறைய ரவைகள் ஒரே கொத்தாகக் கிளம்பி, போகப்போக விரிகின்றன. குழல் முனையில் ஒடுக்கம் இல்லாத துப்பாக்கியில், தோராயமாக ஒரு கஜத்துக்கு ஓர் அங்குலம் விரிவு. உடம்பில் ரவைகள் அறுபது சென்டிமீட்டர் அகலத்தில் சிதறிப் பாய்ந்திருந்தால் சுட்ட தூரம் இருபது மீட்டரைத் தாண்டும். அந்தத் தூரத்தில், அந்த இருட்டில், குனிந்து நடக்கும் ஆளைப் பன்றி என்று நினைக்க இடமுண்டு. கதை பிழைக்கிறது.

ரவையெல்லாம் சேர்ந்து ஒரே ஓட்டையாக இறங்கியிருந்தால் தூரம் ஓரிரு மீட்டர்தான். சட்டை கருகி, ஓட்டையைச் சுற்றிப் புகைக்கரி படிந்து, எரியாத மருந்துத் துகள்கள் தோலில் புள்ளிபுள்ளியாகப் பச்சை குத்தியதுபோல் ஏறியிருந்தால், குழல்முனை கிட்டத்தட்ட கை எட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. கை எட்டும் தூரத்தில் நிற்கும் பக்கத்துக் கொல்லைக்காரரைப் பன்றி என்று யாரும் நினைப்பதில்லை. பரிசோதனைக் கூடம் இங்கே மனசைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தூரத்தை மட்டும் சொன்னது. கதை விழுந்துவிட்டது.

இந்த அளவுகளைப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிட முடியாது. பிடிபட்ட அதே துப்பாக்கியில், அதே வகைத் தோட்டாவைப் போட்டு, தெரிந்த தூரங்களிலிருந்து அட்டை மேலும் துணி மேலும் சுட்டு, கிடைக்கும் வடிவத்தைக் காயத்தோடு ஒப்பிடுவார்கள். நாட்டுத் துப்பாக்கி என்றால் சிரமம் கூடும். குழல் வாய் வழியாகக் கரிமருந்தைக் கெட்டித்து, பால்ரஸ் குண்டுகளைப் போட்டு, கேப்பு வைத்துச் சுடுவது அது. மருந்தின் அளவு ஒவ்வொரு முறையும் கைப்பிடிக் கணக்கு. கரி அதிகம் கக்கும். தோட்டாக் கூடு கீழே விழாது என்பதால் ஊசித் தழும்பு என்ற முக்கியமான தடயமும் கிடைக்காது. தோட்டா போடும் துப்பாக்கியில், ஊசி கேப்பில் இடிக்கும் பள்ளம் அந்தத் துப்பாக்கிக்கே உரிய தழும்பு. இரண்டு கூடுகளை ஒப்பீட்டு நுண்ணோக்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே துப்பாக்கியா என்று சொல்லிவிடலாம். ரைஃபிளிலும் பிஸ்டலிலும் வரிப்பள்ளக் கோடுகள் குண்டிலேயே விழும். ரவைத் துப்பாக்கியில் ரவையை வைத்து எந்தத் துப்பாக்கி என்று சொல்ல முடியாது, கூட்டை வைத்துத்தான் முடியும்.

அடுத்த கதை: "தவறி வெடிச்சிருச்சுங்க." இதைச் சோதிக்க விசையை எடை போடுவார்கள். கொக்கியில் எடைகளைத் தொங்கவிட்டு, எத்தனை கிலோவில் விசை விடுகிறது என்று பார்ப்பது. ரவைத் துப்பாக்கிகளில் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டரை கிலோ என்பது சாதாரணம். அரைக் கிலோவிலேயே விட்டுவிட்டால், உள்ளே குதிரையைப் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்திருக்கிறது, தவறி வெடித்திருக்கலாம். குதிரையை ஏற்றி வைத்து, கட்டையைச் சுற்றி ரப்பர் சுத்தியால் தட்டியும் பார்ப்பார்கள். குதிரை தானாக விழுகிறதா? விழவே இல்லை, விசையும் இறுக்கம் என்றால், யாரோ விரலால் இழுத்திருக்கிறார்கள். காயத்தின் சாய்வும் பேசும். கீழே விழுந்து வெடித்தது என்றால் ரவை கீழிருந்து மேலே போயிருக்க வேண்டும். மார்பில் நுழைந்து இடுப்புப் பக்கம் இறங்கியிருந்தால், அந்தத் துப்பாக்கி தரையில் கிடக்கவில்லை.

லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி என்றால் விபத்து வாதமே எடுபடாதா? அப்படியும் இல்லை. கழுதைப்புலி என்று நம்பிச் சுட்டதில் மனிதர் இறந்த ஒரு வழக்கில், 1952-ல் நாக்பூர் உயர் நீதிமன்றம், லைசென்ஸ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பாதுகாப்பை மறுக்கவில்லை. ஆயுதச் சட்டக் குற்றம் தனி, சாவுக்கான பொறுப்பு தனி. எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

பொருள்கள் தரும் சாட்சியை வைத்து மனசை அளப்பதற்கு நாடறிந்த உதாரணம் நானாவதி வழக்கு. 1959 ஏப்ரலில் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, மனைவியின் காதலரான பிரேம் அஹூஜாவைச் சுட்டார். மல்லுக்கட்டில் துப்பாக்கி தானாக வெடித்தது என்பது அவர் தரப்பு. குளித்துவிட்டு வந்த அஹூஜா இடுப்பில் கட்டியிருந்த துண்டு, சாகும்போதும் அவிழாமல் அப்படியே இருந்தது. மூன்று குண்டு பாயும் அளவுக்கு மல்லுக்கட்டியிருந்தால் துண்டு நிற்குமா? கப்பலுக்குப் போய், பொய்க் காரணம் சொல்லித் துப்பாக்கியும் ஆறு தோட்டாவும் வாங்கி வந்ததும் சேர்ந்துகொண்டது. ஜூரி விடுவித்தும், உயர் நீதிமன்றம் கொலை என்றது. 1961-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

நம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். எம்.ஜி.ஆருக்கும் குண்டடி, எம்.ஆர்.ராதாவுக்கும் குண்டடி, இரண்டு பேரும் பிழைத்தார்கள். யார் சுட்டது என்பதே சண்டை. கடைசியில் ராதாவுக்குத்தான் தண்டனை. கொலை முயற்சி வழக்கில் சாவு தேவையில்லை. இன்றைக்கு அது 109-ஆம் பிரிவு. காயம் சிறிதா பெரிதா என்பதைவிட, என்ன எண்ணத்தோடு அந்தச் செயல் செய்யப்பட்டது என்பதுதான் அங்கே எடைபோடப்படும். குறி தவறியது சுட்டவரின் நல்லெண்ணத்தைக் காட்டாது.

குறி தவறி வேறு ஆள் மேல் பட்டாலும் தப்பிக்க முடியாது. 1912-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு விசித்திர வழக்கு வந்தது. ஒருவரைக் கொல்ல அல்வாவில் விஷம் வைத்துக் கொடுத்தான் ஒருவன். அவர் கொஞ்சம் தின்றுவிட்டு வீசியதை ஒரு சிறுமி எடுத்துத் தின்று இறந்துபோனாள். அவளைக் கொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லவே இல்லை. இருந்தும் கொலைதான் என்றார்கள், பெரும்பான்மைத் தீர்ப்பில். அல்வாவுக்குப் பொருந்துவது ரவைக்கும் பொருந்தும்.

இவ்வளவு விஞ்ஞானமும் பொருள்கள் ஒழுங்காகக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான். சுட்டவர் கையில் படியும் ஈயம், பேரியம், ஆன்டிமனித் துகள்கள் கை கழுவினால் போய்விடும். கழுவாவிட்டாலும் சில மணி நேரத்தில் உதிரும். கைப்பற்றிய பொருள்களை எழுதும் மகஜரில் எண்ணிக்கை தப்பினால், முத்திரை கலைந்திருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் தொடுவார். 1995-ல் சுக்வந்த் சிங் வழக்கில் துப்பாக்கியும் கூடுகளும் கைப்பற்றப்பட்டும் நிபுணருக்கு அனுப்பாமல் விட்டதை உச்ச நீதிமன்றம் அரசுத் தரப்புக்கு எதிரான பெரிய குறையாக எடுத்துக்கொண்டது. ஆனால் நிபுணர் அறிக்கை இல்லாவிட்டால் வழக்கே இல்லை என்ற விதியும் கிடையாது. நேரில் பார்த்தவர் சொல் நம்பும்படி இருந்தால் அதுவே போதும் என்று 1963-லேயே குருசரண் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். கண்மாய்க்கரையில் நள்ளிரவில் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால், அங்கே அந்தச் சட்டைத் துணியைக் காயவைத்து, காகிதத்தில் சுற்றி, முத்திரை வைத்து அனுப்பிய ஏட்டையாவின் வேலைதான் வழக்கைத் தீர்மானிக்கும்.