குடிமராமத்து: இதுல எது தமிழ், எது வந்த சொல்?

குடிமராமத்துன்னு பேப்பர்ல, ஏரிக்கரை போர்டுல எல்லாம் பாத்திருப்பீங்க. நிறைய பேரு இத குடிநீர் சம்பந்தப்பட்ட வேலைன்னு நெனச்சுக்கிறாங்க, தண்ணித் தொட்டி ரிப்பேர் மாதிரி. அது இல்லங்க. ஊர்க்காரங்களே சேந்து ஏரி, கம்மாய பழுது பாக்குறதுதான் குடிமராமத்து. இங்க குடின்னா குடும்பம், ஊர்ல உழுது பொழைக்கிற சனங்க. குடியானவன், குடிமகன்ல வர்ற அதே குடி. அந்தக் காலத்துல வெளைச்சல பிரிக்கிறப்போ சாகுபடி பண்றவரு பங்குக்கு குடிவாரம்னும் மேல அரசுக்கோ நிலத்துக்காரருக்கோ போற பங்குக்கு மேல்வாரம்னும் சொல்லுவாங்க, அந்தக் குடியும் இதேதான்.

மராமத்து தமிழ் இல்ல. அரபில இருந்து பாரசீகம், உருது வழியா வந்தது, அர்த்தம் பழுது பாக்குறது. தாசில்தார், ஜமாபந்தி, பாக்கி எல்லாம் வந்த அதே வழியிலதான் இதுவும் கச்சேரி, அதாவது சர்க்கார் ஆபீஸ் காகிதத்துக்குள்ள வந்துச்சு. நம்ம பொதுப்பணித்துறைக்கே முன்னாடி மராமத்து இலாகான்னுதான் பேரு, கேரளாவுல இன்னைக்கும் பொதுமராமத்து வகுப்புன்னே சொல்றாங்க.

ஆனா சொல்லுதான் வெளிய இருந்து வந்தது, வேலை நம்மளோடது. மதுரைக்காரங்களுக்கு பிட்டுக்கு மண் சுமந்த கதை தெரியும், வைகை கரை ஒடைஞ்சதும் வீட்டுக்கு ஒரு ஆள் வரணும்னு பாண்டியன் உத்தரவு போட, ஆளில்லாத வந்திக் கிழவிக்காக சிவனே மண்வெட்டி எடுத்துட்டு வந்து பிரம்படி வாங்கினாருல்ல, அந்த வீட்டுக்கு ஒரு ஆள்ங்கிறதுதான் குடிமராமத்து! எங்க பக்கம் தலைக்கட்டுக்கு ஒரு ஆளுன்னு சொல்லுவாங்க. கோடையில கம்மா, அதான் ஏரி, வத்தினதும் எறங்கி தண்ணி உள்ள வர்ற வரத்துக்கால் வெட்டணும், கரையில மண்ணு போடணும், மடைய சரி பாக்கணும், அடியில படிஞ்சு அள்ளின கரம்பை வண்டல அவங்கவங்க வயலுக்கு வண்டியில அடிச்சுக்கலாம், அதுதான் உரம்.

உத்திரமேரூர்ல முதலாம் பராந்தகன் காலத்து கல்வெட்டு, கி.பி. 919, 921ல வெட்டினது, ஏரி வாரியம்னு ஒரு குழுவ பத்திப் பேசுது. குடவோலை போட்டு ஆள் எடுப்பாங்க, 360 நாள் பொறுப்பு. இன்னைக்கு மின்வாரியம், வீட்டுவசதி வாரியம்னு சொல்றோமே அந்த வாரியம் இதுதான்.

வெள்ளக்காரங்க காலத்துல ஏரிக்குன்னு ஒதுக்கின மானியமெல்லாம் கொறஞ்சு பராமரிப்பு சர்க்கார் கைக்குப் போக ஆரம்பிச்சதும் சனங்க வர்றது நின்னுபோச்சு. 1858ல சென்னை மாகாணத்துக்கு கட்டாய உழைப்புச் சட்டம்னே ஒண்ணு போட்டாங்க. வழக்கமா தானா வந்த வேலைக்கு சட்டம் போட்டுக் கூப்பிட வேண்டி வந்துச்சுன்னா ஊருக்கும் ஏரிக்கும் நடுவுல என்னமோ அறுந்துபோச்சுன்னுதானே அர்த்தம்.

அந்தப் பேர மறுபடி எடுத்தது 2017 மார்ச்சுல, தமிழ்நாடு அரசு காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலம் ஏரியில ஆரம்பிச்சது. மொதக் கட்டம் 100 கோடி ரூபாய், 1,519 வேலை. ஆயக்கட்டு விவசாயிங்க, அதாவது அந்த ஏரித் தண்ணியில பாயுற நிலத்துக்காரங்க பங்கு 10 சதவீதம், பணமாவோ பொருளாவோ உழைப்பாவோ தரலாம்னு வெச்சாங்க. அந்த 10 சதவீதத்துலதான் குடிங்கிற சொல்லே இருக்கு. அது இல்லாம ஜேசிபி வந்து அள்ளிட்டுப் போனா அது மராமத்து மட்டும்தான். எங்க ஊர் கம்மாயில அப்படித்தான் நடந்துச்சு, நாலே நாள்ல முடிச்சாங்க, ஆனா வரத்துக்கால தொடவே இல்ல. ஊர்க்காரங்க எறங்கியிருந்தா மொதல்ல அதத்தான் வெட்டியிருப்பாங்க, தண்ணி எங்க இருந்து வருதுன்னு அவங்களுக்குத்தானே தெரியும்.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? வெறும் மராமத்துக்கு செப்பனிடுதல், பழுதுபார்ப்பு, சீரமைப்பு எது வேணா போடலாம். கோயிலுக்கு திருப்பணின்னு அழகான சொல் இருக்கவே இருக்கு. குடிமராமத்துக்கு பதிலா தூர்வாருதல்னு சிலர் எழுதுறாங்க, அது தப்பு, தூர்வாருறது அதுல ஒரு வேலைதான், கரை, மதகு, மிச்சத் தண்ணி வெளியேறுற கலுங்கு, வாய்க்கால் எல்லாம் வெளிய நின்னுடுது. மக்கள் சீரமைப்புன்னா என்னமோ மக்களையே சீரமைக்கிற மாதிரி இருக்கு. நான் எழுதுறப்போ குடிச்செப்பம்னு போடுறேன், செப்பம்னா பழுதில்லாம சீரா வெக்கிறது. வேற நல்ல சொல் கெடைச்சாலும் சரி, மராமத்த எடுத்துட்டு எத வேணா வைங்க, குடிய மட்டும் எடுத்துடாதீங்க.