கரண்ட் போனால் எத்தனை லிட்டர் இறங்கும்?

குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் மழைக்காலக் காற்றில் ரப்பர் கிளை ஒன்று கம்பியில் விழுந்தால் போதும், கரண்ட் போய்விடும். பவளத் தொட்டிக்குக் கீழே சம்ப் (மேல்தொட்டியிலிருந்து வழிந்து இறங்கும் தண்ணீரை வாங்கி, மோட்டாரால் திரும்ப மேலேற்றும் கீழ்த்தொட்டி) கட்டுகிறவர் முதலில் கணக்குப் பார்க்க வேண்டியது அந்த நேரத்துக்குத்தான். ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி), ஃபில்டர் எல்லாம் அப்புறம்.

இரண்டடித் தொட்டி என்று வைத்துக்கொள்வோம்: அடிப்பரப்பு 60 × 30 செ.மீ., உயரம் 38. மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 1.8 லிட்டர். கீழே 45 × 30 × 30 செ.மீ. சம்ப். அதில் 30 செ.மீ. நீளம் தண்ணீர் விழும் அறைக்கும் தடுப்புகளுக்கும்; மீதி 15 மோட்டார் அறை. முன்னதில் மட்டம் 20 செ.மீ., பின்னதில் 14. விளிம்பு வரை மிச்ச இடம் சுமார் 16 லிட்டர்.

மோட்டார் நின்றதும், மேல்தொட்டியில் தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ வாய்க்கு மேலே உள்ள 2 செ.மீ. தண்ணீரும் பைப்பில் நிற்பதும் இறங்கும். ஐந்து லிட்டருக்குள் அடங்கிவிடும். வம்பு பண்ணுவது மேலேற்றும் பைப். அதன் வாய் 15 செ.மீ. முங்கியிருந்தால், மோட்டார் நின்ற கணமே தலைகீழாக உறிஞ்சத் தொடங்கும். வாய் வெளியே தெரியும்வரை நிற்காது. 15 × 1.8 = 27 லிட்டர். பத்து லிட்டருக்கு மேல் உப்புத்தண்ணீர் தரையில், பக்கத்திலேயே எக்ஸ்டென்ஷன் பெட்டி! நீர்மட்டத்துக்கு அரை செ.மீ. கீழே அந்தப் பைப்பில் 3 மி.மீ. துளை போட்டால் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். உப்பும் பாசியும் துளையை அடைக்கும். வாரம் ஒருமுறை ஈர்க்கில் விட்டுக் குத்துங்கள். நான்-ரிட்டர்ன் வால்வை நம்ப வேண்டாம். அதன் நாக்கில் ஒரு சுண்ணாம்புக் குழாய்ப்புழு ஒட்டினாலே சரியாக மூடாது.

எதிர்க் கோளாறும் உண்டு. நத்தை ஒன்று ஓவர்ஃப்ளோவை அடைத்துக்கொள்ளும். மோட்டாரோ ஏற்றிக்கொண்டே இருக்கும். மோட்டார் அறையைச் சிறிதாக வைப்பது இதற்காகத்தான். மட்டம் 4 செ.மீ.க்கு வந்ததும் மோட்டார் காற்றை இழுக்கும் என்றால், அது ஏற்றக்கூடியது 10 செ.மீ., அதாவது 4.5 லிட்டர். மேல்தொட்டியில் 3 செ.மீ. விட்டிருந்தால் 5.4 லிட்டர் கொள்ளும், வழியாது. தொட்டி விளிம்பில் தொங்கவிட்டு உறிஞ்சி இறக்கும் சைஃபன் வகை ஓவர்ஃப்ளோ, கரண்ட் திரும்பும்போது மறுபடி உறிஞ்சத் தொடங்காமல் போகலாம்; கண்ணாடியில் துளை போடுவதே மேல். டைமண்ட் பிட், தண்ணீர் ஊற்றியபடி, அழுத்தாமல். டஃபன்டு கண்ணாடியைத் தொடவே கூடாது, பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

தடுப்புகள் மூன்று, 5 மி.மீ. கண்ணாடி, 2.5 செ.மீ. இடைவெளி. முதலாவதும் மூன்றாவதும் அடியோடு ஒட்டியவை, 20 செ.மீ. உயரம். நடுத்தடுப்பு அடியிலிருந்து 2.5 செ.மீ. தூக்கி, மேலே 24 வரை. தண்ணீர் அதன் அடியில் நுழைந்து போகும்போது குமிழிகள் பின்தங்கிவிடும். சிலிக்கான், வினிகர் வாடை அடிக்கும் சாதா வகை. பூஞ்சைத் தடுப்பு கலந்த பாத்ரூம் வகை பவளத்துக்கு விஷம். ஒரு வாரம் காயட்டும். பித்தளை கிளிப்பும் ஆகாது: செம்பு கரைந்தால் இறால், நத்தை, பவளம் எல்லாம் போய்விடும். மோட்டார், 2 மீ. வரை ஏற்றும், மணிக்கு 1,000 லிட்டர் வகை; 1.2 மீ. உயரத்தில் அது பாதிகூடத் தராது, இந்தத் தொட்டிக்கு மணிக்கு 300–400 லிட்டரே போதும்.

முதலில் நல்ல தண்ணீரில் ஓட்டி, வேண்டுமென்றே ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். வழியாத ஓட்ட மட்டத்தை மோட்டார் அறைக் கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஊற்றக் கூடாது.

ஆவியாவது இந்த அறையில் மட்டுமே தெரியும்: 1 லிட்டர் போனால் 2 செ.மீ.க்கு மேல் இறங்கும். உப்பு ஆவியாகாது, ஆகவே ஈடுகட்டுவது ஆர்ஓ தண்ணீரால். சம்புக்கு மேல் சின்ன ஃபேன் வைத்தால் தண்ணீர் குளிரும். ஆரல்வாய்மொழியின் காய்ந்த காற்றில் நன்றாக எடுபடும் இந்த வித்தை, தேங்காய்ப்பட்டணத்து மழைக்கால ஈரத்தில் அவ்வளவாக எடுபடாது. அந்த நாட்களில் அங்கே ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தருகே கடல்நீர் எடுப்பதும் வேண்டாம், குழித்துறை ஆற்று வெள்ளம் கலந்திருக்கும். எங்கே எடுத்தாலும் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 பார்த்த பிறகே ஊற்றுங்கள்.