ஒல்லாந்தரும் இல்லை, டச்சுக்காரரும் இல்லை

"ஒல்லாந்தரின் சீதனப் பெட்டி, பென்சில்வேனியா." ஒரு படத்தின் அடியில் இப்படித் தமிழ்க்குறிப்பு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறி, ஆங்கிலத்தில் 'பென்சில்வேனியா டச்சு' என்று அழைக்கப்படுவோரைத்தான் இப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். இந்த 'ஒல்லாந்தர்' என் கண்ணில் படுவது இது மூன்றாவது தடவை. படத்தில் நீலம் பூசிய மரப்பெட்டி. முகப்பில் வளைவு வளைவாகக் கட்டங்கள், அவற்றுள் சாடியிலிருந்து கிளைத்தெழும் துலிப் பூக்கள். மேலே உடைத்து உடைத்து எழுதும் ஃபிராக்டூர் எழுத்தில் உரியவரின் பெயரும் ஆண்டும். அந்த எழுத்தே இது ஜெர்மன் பேசிய வீடு என்று சொல்லிவிடுகிறதே!

பழைய ஜெர்மன் மொழியில் 'டியூட்டிஸ்க்' என்றால் மக்களுக்குரியது; லத்தீன் அல்லாத மக்கள் பேச்சு. ஜெர்மானியர் தம் மொழியைச் சொல்லும் 'டாய்ச்', ஆங்கிலத்தின் 'டச்சு' இரண்டும் அதே வேரிலிருந்து வந்தவை. ஆங்கிலேயர் ஒரு காலத்தில் ஜெர்மானியர், நெதர்லாந்தார் எல்லாரையும் 'டச்சு' என்றார்கள். பிறகு இங்கிலாந்தில் அது நெதர்லாந்தாரை மட்டும் குறித்தது. பென்சில்வேனியாவில் பழைய பொருளே தங்கிவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய இவர்களில் பெரும்பாலோர் ரைன் ஆற்றை ஒட்டிய ஜெர்மன் பகுதிகளிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்தவர்கள்.

ஒல்லாந்து என்பது ஹாலந்து. அந்தப் பெயரை இவர்கள் தலையில் கட்டுவது மொழிபெயர்ப்பே அல்ல, ஊரையே மாற்றுவது. "சரி, பெயர்தானே, டச்சு என்றே விட்டுவிடுவோம்" என்பார்கள். அதையும் நான் ஏற்கமாட்டேன். டச்சு என்றதும் நமக்குப் பழவேற்காட்டுக் கல்லறைகளும் யாழ்ப்பாணக் கோட்டையும்தான் நினைவுக்கு வரும். போதாக்குறைக்குப் பெட்டியில் துலிப் வேறு! வாசகர் ஹாலந்து என்றே முடிவு கட்டுவார். துலிப்போ ஜெர்மன் நாட்டுப்புறக் கலையிலும் பழகிய பூ. பொருள் தெளிவாக இருக்க வேண்டுமானால் 'பென்சில்வேனிய ஜெர்மானியர்' என்றுதான் எழுத வேண்டும். 'செருமானியர்' என்று எழுதுவோரோடு எனக்குச் சண்டையில்லை; ஆள் மாறாமல் இருந்தால் போதும்.

அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் பழக்கம் மொழிபெயர்ப்பாளர்களிடம் பெருகிவிட்டது. படத்திலிருக்கும் பொருளைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. அதே குறிப்பில் இருக்கும் 'சீதனப் பெட்டி'யும் அப்படி வந்ததுதான். அந்தச் சமூகத்தில் இத்தகைய பெட்டிகளை ஆண்பிள்ளைகளுக்கும் செய்து கொடுத்தார்கள். ஆண் பெயர் எழுதிய பெட்டிகளும் இருக்கின்றன. 'பெயர் தீட்டிய பெட்டி' என்றோ, வெறுமனே 'வண்ணப்பெட்டி' என்றோ எழுதியிருக்கலாம்.