குக்கீயை அழித்தால் கம்ப்யூட்டர் வேகமாகுமா?

சித்தப்பாவின் லேப்டாப் எப்போது திணறினாலும், அவர் செய்கிற முதல் காரியம் பிரவுசர் செட்டிங்ஸில் கண்ணில் பட்ட கட்டத்திலெல்லாம் டிக் போட்டு குக்கீ, கேஷ் என்று எல்லாவற்றையும் அழிப்பதுதான். போன வாரமும் அழித்தார். வேகம் கூடவில்லை, மெயில் மட்டும் பாஸ்வேர்ட் கேட்டது, அது அவருக்கு ஞாபகமில்லை. சாயங்காலம் எனக்குப் போன்.

இணையப் பக்கங்களை அனுப்பிவைக்கும் கம்ப்யூட்டரான வெப் சர்வருக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு முறை பக்கம் கேட்கும்போதும் நீங்கள் அதற்குப் புது ஆள்தான். 1994இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பெனியில் வேலை பார்த்த லூ மொன்டுல்லி இதற்கு ஒரு வழி செய்தார்: சர்வர் ஒரு சின்ன எழுத்துத் துணுக்கைக் கொடுக்கும், பிரவுசர் அதைப் பத்திரமாக வைத்திருந்து அடுத்த முறை போகும்போது நீட்டும். அந்தத் துணுக்குதான் குக்கீ. கோயில் வாசலில் செருப்பை விட்டு வாங்குகிற டோக்கன் மாதிரி. டோக்கனை நாமே கிழித்துப் போட்டுவிட்டு செருப்பைக் கேட்டால்?

சரி, இடமாவது மிச்சமாகுமா? ஒரு குக்கீ பொதுவாக 4 கிலோபைட்டைத் தாண்டாது. 3,000 குக்கீ இருந்து ஒவ்வொன்றும் முழு அளவில் இருந்தாலும் 12 மெகாபைட், அதாவது போனில் எடுத்த நாலைந்து போட்டோ. குக்கீயை வைத்து விளம்பரக் கம்பெனிகள் பின்னாலேயே வருவது பிடிக்கவில்லை என்று அழித்தால் அது நியாயமான காரணம்.

கேஷ் இன்னும் வேடிக்கை. பக்கத்தின் படம், எழுத்துரு, ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் பிரவுசர் டிஸ்கில் எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை பழசாகாததை அப்படியே எடுத்துக்கொள்ளும், சந்தேகம் வந்தால் 'இது மாறியிருக்கிறதா' என்று சர்வரிடம் கேட்கும், மாறவில்லையென்றால் 304 என்ற எண்ணோடு குட்டிப் பதில் வரும், படத்தைத் திரும்ப இறக்க வேண்டியதில்லை. இதை அழித்தால் எல்லாம் முதலிலிருந்து இறங்கும், முதல் தடவை மெதுவாகத்தான் வரும். பக்கம் கோணல்மாணலாகத் தெரிகிறது, பழைய பதிப்பே வருகிறது என்றால் அழியுங்கள்.

புரோகிராம்கள் வேலைக்கு நடுவே எழுதிவைக்கும் தற்காலிகக் கோப்புகளில் மட்டும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, அதுவும் இடம் தீர்ந்து சி டிரைவ் சிவப்பாகியிருந்தால்தான். இப்போதைய லேப்டாப்களில் டிஸ்காக இருக்கும் எஸ்எஸ்டியில் எழுதிய இடத்தின் மேலேயே திரும்ப எழுத முடியாது, ஒரு பிளாக் முழுவதையும் அழித்த பிறகுதான் முடியும், காலி இடம் குறையக் குறைய அது உள்ளிருப்பதை அங்குமிங்கும் நகர்த்தி இடம் உண்டாக்கவே பாடுபடும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களை வைத்திருக்கும் நினைவகமான ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கின் ஒரு பகுதியைத்தான் கடன் வாங்கும், அதற்கும் இடம் வேண்டும். விண்டோஸ் கீயும் ஆரும் சேர்த்து அழுத்தி, டெம்ப் என்பதை ஆங்கிலத்தில் இருபக்கமும் சதவீதக் குறியோடு அடித்தால் அந்த ஃபோல்டர் திறக்கும். எல்லாவற்றையும் அழிக்கலாம். 'பயன்பாட்டில் உள்ளது' என்று சொல்பவற்றை விட்டுவிடுங்கள்.

சித்தப்பாவின் டிரைவில் பாதிக்கு மேல் காலி. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். மொத்தம் 4 ஜிபி ராம், அதில் 93 சதவீதம் காலி... இல்லை, தீர்ந்துபோயிருந்தது. பட்டியலில் முதலில் பிரவுசர், அதில் 37 டேப்.

"சித்தப்பா, பாதியையாவது மூடுங்க."

"அதெல்லாம் படிக்க வச்சிருக்கேன்பா."